பரவினால் பொறுப்புக் கரையுமா?

கடலில் விழுந்த பொருள் அத்தோடு தொலைந்தது என்று எண்ணுவது கரையிலிருந்து நெடுந்தொலைவில் வாழ்வோரின் வழக்கம். கடலிற் கரைத்த பெருங்காயம் என்னும் பழமொழியும் அவ்வெண்ணத்துக்குத் துணை நிற்கிறது. பெருங்காயம் கரையலாம். மரமும் வலையும் பிளாஸ்டிக்கும் கரைவதில்லை. அவை பிரிகின்றன; பரவுகின்றன; பின்னர் எங்கோ ஒரு கரையில் ஒதுங்குகின்றன. அந்தக் கரையிலும் மனிதர் வாழ்கின்றனர் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

இதிலிருந்து ஓர் அறவியற் கேள்வி எழுகிறது. ஓரிடத்தில் ஒருவர் செய்த கேடு பல்லாயிரம் துகள்களாகிப் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவிவிட்டால், அவருடைய பொறுப்பும் அவ்வாறே துகள் துகளாகி ஒன்றுமில்லாததாகிவிடுமா? எவரும் தமது பங்கு இவ்வளவென்று ஒப்புக்கொள்ளாத நிலையில், கேட்டைச் சுமக்கும் கரை எவரிடம் நீதி கேட்பது? கேள்வி தத்துவஞ் சார்ந்தது. ஆயினும் அதற்கு விடை காணத் தத்துவம் மட்டும் போதாது. கடல் பொருள்களை எவ்வாறு கொண்டுசெல்கிறது, எவ்வாறு சிதறடிக்கிறது என்பதை அளந்து கண்டோரின் துணையும் வேண்டும்.

வன்னிப் பெருநிலத்தின் கிழக்கு எல்லை கடல். சுண்டிக்குளம் தொடங்கிச் சாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு எனத் தெற்கே கொக்கிளாய் வரை நீளும் இக்கரையில் வாழும் கடற்றொழிலாளர் நீரின் போக்கைக் காற்றின் பெயரோடு சேர்த்தே அறிந்து வைத்துள்ளனர். வாடைக்கு ஒரு நீரோட்டம், சோழகத்துக்கு மற்றொன்று. கரைவலை இழுப்போரும் வள்ளத்தில் ஆழ்கடல் செல்வோரும் இவ்வறிவைப் புத்தகத்திற் பெற்றாரல்லர். இன்றைய கடலியலும் இதையே வேறு மொழியிற் கூறுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. மாசிக்குப் பின்னர் இந்தியக் கிழக்குக் கரையோரம் அது வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தெற்கே கிழக்கு நோக்கி விரையும் பெருநீரோட்டம் பின் வளைந்து விரிகுடாவினுள் நுழைகிறது. அக்காலத்தில் இத்தீவின் கிழக்கே இடஞ்சுழியாகச் சுழலும் ஒரு பெருஞ்சுழியும் உண்டாகிறது. 1998ஆம் ஆண்டு விநயச்சந்திரன், யமகாத்தா என்னும் இரு அறிஞர் அதனை ஆராய்ந்து எழுதினர். 'இலங்கைக் குவிமாடம்' என்று கடலியலார் அதனை அழைப்பர். அச்சுழியின் மேற்கு ஓரத்தில் நீர் தெற்கு நோக்கிச் செல்லும். ஆகவே, திறந்த கடலில் நீர் வடக்கே போகும்போதே கரையோரத்தில் அது தெற்கே போகக்கூடும். கடல் ஒரே திசையில் ஓடும் ஆறு அன்று.

இப்போக்குகளின் சான்றுகள் கரையிலேயே கிடக்கின்றன. வாடைக் காலத்தில் எம் மாணவர் பொறுக்கிவந்த போத்தல்களில் மியன்மார் எழுத்தையும் தாய்லாந்து எழுத்தையும் கண்டோம். விரிகுடாவின் மறுகரையில் மூங்கிலாற் கட்டப்பட்ட மிதவைகளும் எம் வடபுலக் கரைகளில் ஒதுங்கியதுண்டு.

மிதந்து வந்த பொருளைக் கொண்டு கடலை அறிய மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளான். அம்முயற்சிக்கு முதலில் வேண்டுவது ஓர் அடையாளம். பெரும்பாணாற்றுப்படைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுகிறார். நாக நாட்டு மங்கை தன் குழந்தையைக் கடல்வழியே சோழனிடம் அனுப்புகிறாள். குழந்தைக்கு அடையாளமாகக் கட்டப்பட்டது ஒரு தொண்டைக் கொடி. திரை கொணர்ந்து தந்தமையால் அவன் திரையன் எனப்பட்டான். கொடி இல்லையேல் அக்குழந்தை யாரென்று கரை அறிந்திராது. மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேர்ட் 1885 முதல் சில ஆண்டுகளில் அத்திலாந்திக் கடலில் 1,675 மிதவைகளை விட்டபோது செய்ததும் இதுவே. ஒவ்வொன்றினுள்ளும், கண்டெடுப்போர் எங்கே கண்டோம் என்று எழுதி அனுப்புமாறு கேட்கும் தாள் இருந்தது. 227 மிதவைகள் பற்றியே செய்தி கிடைத்தது. அச்சிறு தொகையிலிருந்தே அவர் வட அத்திலாந்திக் நீரின் வட்டப் போக்கை வரைந்தார்.

இன்று அவ்வேலையைச் செய்மதிகள் செய்கின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மிதவைகள் உலகக் கடல்களில் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கின்றன. மேலே ஒரு சிறு கோளம். அதன் கீழே, நீர்மட்டத்திலிருந்து 15 மீற்றர் ஆழத்தில், துளையிட்ட நீண்ட துணிக்குழாய். காற்று மேற்கோளத்தைத் தள்ளாதவாறு நீரின் பிடியில் மிதவையை நிறுத்துவது அக்குழாயின் வேலை. குழாய் அறுந்துவிட்டால் மிதவை காற்றின் வழிச் செல்லத் தொடங்கும். அப்போது அதன் பாதையை வேறு கணக்கில் வைப்பர். ஒரே கடலில், ஒரே நாளில் விட்ட இரு பொருள்கள் வேறு வேறு திசைகளிற் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீர்மேல் நிமிர்ந்து நிற்பது காற்றுக்கு ஆட்படும். நீருள் அமிழ்ந்து கிடப்பது நீரோட்டத்துக்கு ஆட்படும். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி காணாமற்போன மலேசிய விமானத்தின் இறக்கைப் பகுதியொன்று 2015 ஜூலையில் ரெயூனியன் தீவில் ஒதுங்கியது. அது புறப்பட்ட இடத்தைக் கணிக்க முயன்ற அவுஸ்திரேலிய அறிஞர், அதே வகை இறக்கைப் பகுதியைக் கடலில் இட்டு, காற்று அதனை எவ்வளவு தள்ளுகிறது என்று முதலில் அளந்தனர். மிதப்பதன் இயல்பை அறியாமல் கடலின் போக்கை மட்டும் அறிவது பயன் தராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஒரு பொருள் எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி. சேர்ந்திருந்த இரண்டு பொருள்கள் எவ்வளவு விரைவிற் பிரிகின்றன என்பது வேறொரு கேள்வி. பரவுதலை அளப்பதற்கு இரண்டாவதே திறவுகோல். இதைத் தெளிவாகக் கண்டவர் லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1948இல் அவரும் ஹென்றி ஸ்டொம்மெல் என்னும் அமெரிக்கரும் வெளியிட்ட சிறு கட்டுரையிற் கூறப்பட்ட சோதனை, எந்தக் கிராமப் பள்ளியும் செய்யத்தக்கது. ஸ்கொத்லாந்தின் கடற்கழி ஒன்றில், கரட்டை ஒத்த பார்ஸ்னிப் என்னும் வெண்கிழங்கின் துண்டுகளை இவ்விரண்டாக எறிந்து, அவற்றிடையே தூரம் எவ்வாறு வளர்கிறது என்று பார்த்தனர். கிழங்கு ஏறக்குறைய முழுவதும் நீரில் அமிழ்ந்து மிதக்கும். ஆகலின் காற்று அதைத் தள்ளாது. வெண்மையாகலின் கண்ணுக்கும் தெரியும்.

அவர்கள் கண்ட உண்மை இது: துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளனவோ அவ்வளவுக்கு விரைவாக மேலும் விலகுகின்றன. இடைத்தூரம் எட்டு மடங்கானால் பரவலின் வலு பதினாறு மடங்காகிறது. காரணம் சுழிகளின் அளவில் இருக்கிறது. பெருஞ்சுழி அருகருகே கிடக்கும் இரு துண்டுகளையும் ஒருங்கே தூக்கிச் செல்லும், அவற்றைப் பிரிக்காது. இடைத்தூரத்தை ஒத்த அளவுடைய சுழியே அவற்றைப் பிரிக்க வல்லது. தூரம் கூடக்கூட மேலும் பெரிய சுழிகள் பிரிக்கும் வேலையில் வந்து சேர்கின்றன. ஆகவே, சிந்திய முதல் நாளில் ஒரு வள்ளத்தில் அள்ளக்கூடியது, சில வாரங்களில் ஒரு நாட்டின் கடற்படையாலும் அள்ள முடியாததாகிறது. தாமதம் என்பது இங்கே வெறும் சோம்பல் அன்று. அதுவே ஒரு கேடு.

இன்னொரு பக்கமும் உண்டு. மெக்சிக்கோ வளைகுடாவில் 2010இல் நிகழ்ந்த எண்ணெய்ப் பெருங்கசிவுக்குப் பின்னர், அங்கே நூற்றுக்கணக்கான மிதவைகளை விட்டுப் பரவலை அளந்தனர். ஏறத்தாழ 20 கிலோ மீற்றர் சதுரப் பரப்பில் விடப்பட்ட இருநூறளவு மிதவைகளுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரே வாரத்தில் 60 மீற்றர் சதுரத்துக்குள் வந்து குவிந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் ஒன்றோடொன்று மோதிக் கீழே இறங்கும் கோடுகளில், மிதப்பவை இறங்க முடியாமல் மேலே திரண்டு நிற்கின்றன. எனவே, கடல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறது என்று எவரும் சொல்லித் தப்ப இயலாது. அது சிதறடிக்கிறது, சில இடங்களிற் குவிக்கவும் செய்கிறது. ஒருவரும் தேர்ந்தெடுக்காத ஏதோ ஒரு கரையின் மேல் மிகப் பெரும் பங்கு வந்து விழுகிறது.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு எம் நாட்டு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2021 மே 20ஆந் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலங்களோடு பல நாட்கள் எரிந்து, ஜூன் 2ஆந் திகதி மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கலந்தன. உலகில் இதுவரை நிகழ்ந்த இவ்வகைச் சிந்தல்களுள் மிகப் பெரியது இது என மதிப்பிட்டுள்ளனர். பருப்பு மணியளவினதான அத்துகள்கள் மேற்குக் கரை மணலில் முழங்காலளவு குவிந்த இடங்களும் உண்டு. மீன்பிடி தடை செய்யப்பட்டது. பிடித்த மீனையும் வாங்க மக்கள் அஞ்சினர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மே 25ஆந் திகதி கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் மற்றொரு கப்பல் மூழ்கியது. அதிலிருந்து வெளிப்பட்ட மணிகள் குமரிமுனையைச் சுற்றித் தமிழ்நாட்டின் தென்கரைக்கும், ஜூன் மாதத்தில் மன்னார்க் கரைக்கும் வந்து சேர்ந்தன. வேறொரு நாட்டுக் கடலில், வேறொரு நாட்டுக் கொடி தாங்கிய கப்பல். எனினும் மணிகளைச் சல்லடையால் அரித்தெடுக்க வேண்டியவர் ஒதுங்கிய கரையின் மக்கள்.

இங்கேதான் பொறுப்பைக் கரைக்கும் வாதம் எழுகிறது. 'இந்த ஒரு மணி எமது கப்பலிலிருந்து வந்ததென்று காட்ட முடியுமா? கடலில் வேறு மணிகள் இல்லையா?' என்று கேட்கலாம். தொண்டைக் கொடி கட்டாத குழந்தை அல்லவா ஒவ்வொரு மணியும்! தனி மணியைப் பற்றி அக்கேள்விக்கு விடையளிப்பது பெரும்பாலும் அரிது. ஆனால், கேள்வியே பிழையாக அமைந்தது. கடலியலார் எந்த ஒரு துகளின் பாதையையும் முன்கூட்டித் துணிந்து சொல்வதில்லை. பல்லாயிரம் துகள்களின் பரவலைச் சொல்வர். இத்தனை நாளில், இவ்வளவு தூரத்தில், நூற்றுக்கு இத்தனை பங்கு என்பது அவர்தம் அறிவின் வடிவம். தனித்தனியே உறுதியில்லாதது, திரளாகப் பார்க்கும்போது உறுதியாகிறது. அவ்வாறாயின் பொறுப்பையும் திரளுக்குத்தான் கேட்க வேண்டும்.

தமிழில் அளவை என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. நாழியும் மரக்காலும் அளவை. உண்மையை அறியும் வழியும் அளவை. காட்சி ஓர் அளவை; புகை கண்டு நெருப்பை உணரும் கருதல் மற்றோர் அளவை. கரையில் மணி கிடப்பது காட்சி. அது எங்கிருந்து வந்தது என்பது கருதல். அக்கருதலை வலுப்படுத்துவது மிதவைகள் தந்த கணக்கு. இரு பொருள்களும் ஒரே சொல்லில் அமைந்தமை தற்செயலாகவே இருக்கட்டும். அளக்கப்படாத இடத்தில் சான்றும் இல்லை, சான்றில்லாத இடத்தில் எளியவனுக்கு நீதியும் இல்லை என்பதை அது எமக்கு நினைவூட்டுகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஊர்க் கடைக்காரன் ஒருவனின் தராசு கிலோவுக்குப் பத்துக் கிராம் குறைவாக நிறுக்கிறது. முந்நூறு வீட்டார் ஆளுக்கொரு கிலோ அரிசி வாங்குகின்றனர். பத்துக் கிராம் அரிசிக்காக எவரும் வழக்குக்குப் போவதில்லை. ஆனால், கடைக்காரனின் மூட்டையில் மூன்று கிலோ மீந்திருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று கிலோவைத் திருடியிருந்தால் அவனைக் கட்டி வைத்திருப்பர். முந்நூறு வீடுகளிற் பரப்பித் திருடியமையால் அவன் ஊர்ப் பெரிய மனிதனாக இருக்கிறான். பரவியமை அவனுடைய குற்றத்தைக் குறைக்கவில்லை. அதைக் கண்டுகொள்வதைத்தான் கடினமாக்கிற்று. கண்டுகொள்ளக் கடினமாகச் செய்வது தனியொரு குற்றமாகாதா?

சட்டம் இதை எப்படி நோக்குகிறது? கப்பல் உரிமையாளரின் கடனை எல்லைப்படுத்தும் 1976ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, அவ்வெல்லையைக் கப்பலின் கொள்ளளவு கொண்டு கணிக்கிறது. கேடு எத்தனை கரைகளுக்குப் பரவியது, எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பது அக்கணக்கில் இல்லை. கப்பல் சிறிதாயிருந்தால் கடனும் சிறிது. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் இலண்டன் நீதிமன்றம் 2023இல் இம்முறைப்படியே ஏறத்தாழ 19 மில்லியன் பவுண் என்று எல்லை வகுத்தது. இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24ஆந் திகதி வழங்கிய தீர்ப்பில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. இரு தொகைகளுக்கும் இடையே கிடப்பது வெறும் எண் வேறுபாடு அன்று. ஒன்று கேட்டைச் செய்தவனின் உடைமையை அளக்கிறது. மற்றது கேட்டைச் சுமந்தவனின் இழப்பை அளக்க முயல்கிறது. எந்த அளவுகோல் அறத்தின் அளவுகோல் என்பதில் எமக்கு ஐயமில்லை.

'நீங்களும் கடலில் எறிகிறீர்களே' என்று ஒரு மறுப்பு வரக்கூடும். உண்மைதான். அறுந்த நைலோன் வலையும் பொலித்தீன் பையும் எம் களப்புகளிலும் கரைகளிலும் கிடக்கின்றன. அவை எந்த நாட்டுக் கரைக்குப் போகின்றனவோ அந்நாட்டார்க்கு நாமும் கடன்பட்டவரே. ஆயினும் எல்லாரும் குற்றவாளிகள் என்னும் சொல், குற்றம் எவருக்கும் இல்லை என்று முடிக்கப் பயன்படுமானால் அது அறமாகாது. ஒரு பையை எறிந்தவனும், பாதுகாப்பாகக் கொண்டுசெல்ல வேண்டிய ஆயிரத்தறுநூற்றெண்பது தொன் அளவுச் சரக்கைக் கூலிக்கு ஏற்றவனும் ஒரே தட்டில் நிற்பவரல்லர். பொறுப்பு மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு செய்தான், தடுக்க எவ்வளவு ஆற்றல் பெற்றிருந்தான், எவ்வளவு அறிந்திருந்தான். நீரோட்டங்கள் அளக்கப்படாத காலத்தில் 'எங்கே போகுமென்று தெரியாது' என்பது ஓரளவு பொருந்தும் சமாதானம். இன்று அது பொருந்தாது.

அளவை தானே அறமாகிவிடாது என்பதையும் ரிச்சட்சனின் வாழ்க்கையிலேயே காண்கிறோம். அவர் போரை மறுத்த குவேக்கர் நெறியினர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துப் பிரெஞ்சுப் படையினருக்கு நோயாளர் வண்டி ஓட்டினார். 1920இல் அவர் பணியாற்றிய வானிலை நிலையம் விமானப்படை அமைச்சின் கீழ் வந்தபோது வேலையை விட்டு விலகினார். காற்றிற் பொருள் பரவுவதைப் பற்றிய தம் ஆய்வு நச்சு வாயுவைப் பரப்புவோருக்குப் பயன்படும் என்று கண்டு, அவ்வழியே மேலும் செல்லாது நிறுத்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் போர்களின் காரணங்களையே கணித முறையில் ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார், 1953இல் மறைந்தார். பரவலை அளக்கும் அதே சமன்பாடு மீட்பவனுக்கும் உதவும், நஞ்சிடுபவனுக்கும் உதவும். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கண்ட மக்களுக்கு, அறிவு எவர் கையில் இருக்கிறது என்னும் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

பொருள்களைப் பற்றிய இவ்வாராய்ச்சி மனிதரைப் பற்றிய கேள்வியிலும் வந்து முட்டுகிறது. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் நூறு பேருக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்களோடு தத்தளித்த படகு மீட்கப்பட்டது. 2024 டிசம்பரில் நூறு பேருக்கு மேற்பட்டோரைச் சுமந்த மற்றொரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தது. அவர்களுட் பலர் சிறுவர். இரண்டும் வாடைக் காலம்; நீர் தெற்கே ஓடும் மாதம். 'கரையொதுங்கினர்' என்று செய்திகள் எழுதின. அச்சொல்லில் ஒரு வழுக்கல் உண்டு. மரம் ஒதுங்கும், மனிதர் துரத்தப்படுகின்றனர். நீரோட்டம் அவர்களை இக்கரைக்குத் திருப்பியிருக்கலாம்; படகில் ஏற்றியது நீரோட்டம் அன்று. பிறந்த மண்ணிற் குடியுரிமையை மறுத்தவரின் செயல், கடலின் செயலாக மாற்றி எழுதப்படக் கூடாது.

அன்று உணவும் நீரும் கொண்டு ஓடியவர்கள் முள்ளிவாய்க்காலின் ஏழைக் கடற்றொழிலாளர். அவர்களுக்கு எவரும் அறநூல் வாசித்துக் காட்டவில்லை. கரையின் கடமை எது என்னும் கேள்விக்கு அவர்கள் அளித்த விடையை நாம் ஏற்கிறோம்: வந்து சேர்ந்த உயிரைக் காப்பதற்கு, அது யாரால் வந்தது என்னும் தீர்ப்பு முன்நிபந்தனை ஆகாது. அதே வேளை, கரையின் இரக்கம் கடலுக்கு அப்பாலுள்ளவரின் கடனை அடைத்துவிடுவதும் இல்லை. ஏழையின் அறத்தைக் காட்டி வலியவனின் கணக்கை மூடுவது உலகில் வழக்கமாகிவிட்டது. அதற்கு நாம் துணை போகலாகாது.

கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கை நீர்வழிச் செல்லும் புணைக்கு ஒப்பிட்டதை எம் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். அதை விதிக்கு அடங்கி இருக்கச் சொல்லும் பாட்டாகவே பலர் விளக்குகின்றனர். ஆனால், அப்புலவர் அவ்வுவமையிலிருந்து பெறும் முடிவு அடங்கியிருத்தல் அன்று. பெரியோரைக் கண்டு வியவாமையும் சிறியோரை இகழாமையும் ஆகும். எல்லாரும் ஒரே நீரில் மிதக்கிறோம் என்பதிலிருந்து அவர் சமத்துவத்தைக் கண்டார். புணை நீர்வழிப் போவது உண்மை. புணையை அவிழ்த்து விட்டவன் கரையில் நிற்கிறான் என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்போர் புலவரின் சொல்லைத் தம் நலத்துக்கு வளைக்கின்றனர்.

செய்யத்தக்கன சில உள. முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கரையோரப் பள்ளிகள் ஒவ்வொன்றும் நூறு மீற்றர் கரையைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே நாளில் ஒதுங்கியவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதலாம். இதற்குச் செய்மதி வேண்டியதில்லை. கயிறும் கொப்பியும் போதும். கடற்றொழிலாளர் அறிந்த நீரோட்டக் குறிப்புகளை அவர்தம் சொற்களிலேயே எழுதி வைக்கலாம். பல்கலைக்கழகங்களும் அரச நிறுவனங்களும் தம் அளவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். கப்பலின் கொள்ளளவைக் கொண்டன்றி, கேடு சென்று சேர்ந்த கரைகளைக் கொண்டு கடனை அளக்கும் சட்டம் வேண்டுமென்று கரையோர நாடுகள் கூடிக் கேட்க வேண்டும். பத்து ஆண்டுகள் தவறாது எழுதிய ஒரு பள்ளிப் பதிவேடு, நாளை ஒரு நீதிமன்றத்தில் வல்ல வழக்கறிஞர் ஒருவரின் 'இது எமது மணி அன்று' என்னும் சொல்லுக்கு எதிரே வைக்கத்தக்க சான்றாகும். எளியவர் தம் இழப்பைத் தாமே அளந்து வைத்திருப்பது, பொறுப்பைக் கடலிற் கரைத்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் மறுமொழி.